அரிசி அறையைப் பூட்டுவதற்கு முன்

மாணவியர் விடுதிக் காப்பாளர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்தவள் நான், இப்போது செவிலியர். விடுதியில் என் பட்டப்பெயர் 'அரிசித் திருடி'. சாமான் அறைக்குள் புகுந்து பச்சரிசியை அள்ளிவந்து மென்றுகொண்டே இருப்பேன். காப்பாளர் அம்மா அறைக்குப் பூட்டுப் போட்டார். நான் சாக்பீஸுக்கு மாறினேன். பன்னிரண்டாம் வகுப்பில் முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.6, இருக்க வேண்டியது 12. இரும்புச்சத்துக் குறைந்தால் இப்படிக் கண்டதைத் தின்னத் தோன்றும் என்று நர்சிங் படிக்கும்போதுதான் தெரிந்தது. பாவம், அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. தமிழகத்திலும் பாதிக்கு மேல். ஆகவே உங்கள் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களிலும் பலர் இருப்பார்கள். வகுப்பில் தூங்கி விழுபவள், மாடிப்படியில் மூச்சு வாங்குபவள், 'சோம்பேறி' என்று நீங்கள் நினைப்பவள்.

மாலைச் சுண்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுண்டலோடு டீயும் சேர்ந்தே வருகிறது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சுண்டலின் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சுண்டலை இறக்கி ஆறவிட்டு எலுமிச்சை பிழியுங்கள். அது இரும்பை உள்ளே இழுக்கும். காசு கூடுதலாக ஆகப்போவது எலுமிச்சைக்கு மட்டுமே. முருங்கைக்கீரை ஏன் வருவதில்லை என்று சமையலரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நூறு பேருக்கு உருவ ஒற்றை ஆளால் முடியாது. மாறாக, கோழிக்கறி போடும் நாட்களில் மாதம் ஒருமுறையாவது ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) கிடைக்குமா என்று பாருங்கள். கீரையின் இரும்பைவிட அது எளிதாக உடம்பில் சேரும்.

அடுத்து, வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. கொடுத்ததாகக் கையெழுத்து இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் மாத்திரையும் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியவள் அடுத்த வாரம் எறிவாள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்தவளும் எறிவாள். சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் இது தடுப்பு மாத்திரை. ரத்தம் ஏற்கெனவே குறைந்தவளுக்கு இது போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். செருப்பில்லாமல் மண்ணில் நடப்பவளின் கால் வழியே கொக்கிப்புழு ஏறும். அது குடலில் இருந்துகொண்டு ரத்தத்தை உறிஞ்சும்.

மாதவிடாய் பற்றிக் கேட்கத்தான் பலருக்கும் கூச்சம். நாப்கின் எத்தனை வாங்கினாள் என்ற கணக்கு உங்களிடமே இருக்கிறது. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டியாகப் போகிறதா என்று தனியே அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் அம்மா கேட்டிருப்பாள்.

அரிசி அறைக்குப் பூட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையும் அரிசியுமாகப் பிடிபட்டவளை மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய அரிசித் திருடி