கேழ்வரகு கேக்கும் இரண்டு டப்பாக்களும்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போனது, உன் முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், மளிகைக் கணக்கு எழுதுகிற மாதிரி, "எனக்கும் சுகர் வந்துவிட்டது, வெறும் வயிற்றில் 148" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். இதைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டாமா? உடனே ஃபோன் செய்யத்தான் நினைத்தேன். அப்புறம், நீ கேட்டிருப்பது ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. சர்க்கரை இல்லாமல் வீட்டில் கேக் எப்படிச் சுடுகிறாய் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றரை வருடமாக நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சுகர் வந்து எட்டு வருடம் ஆகிறது. போன வருடம் பேரன் பிறந்தநாளுக்குக் கடையில் கேக் வாங்கினோம். எல்லாருக்கும் அவர்தான் வெட்டிக் கொடுத்தார். கடைசித் துண்டையும் தட்டில் வைத்துவிட்டு, கத்தியைக் காகிதத்தில் துடைத்து மடித்து வைத்துவிட்டு, திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரியே ஓவன் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் கேக்கை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஒரு கப் சர்க்கரை போட வேண்டிய இடத்தில் ஸ்டீவியாப் பொடியைக் கொஞ்சமாகப் போட்டேன். அதுதான் நம் ஊரில் சீனித்துளசி என்று தொட்டியில் வளர்க்கிறார்களே, அதன் இலையிலிருந்து எடுக்கிற சத்து. சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, அதனால் சிட்டிகை போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், கேக்தான் வரவில்லை. வெளுத்துப்போய், உயரமே இல்லாமல், விரலால் அமுக்கினால் ரப்பர் மாதிரி எழும்பியது. நிறம் வரட்டும் வரட்டும் என்று ஓவனிலேயே விட்டதில் ஓரமெல்லாம் வறண்டு போனது. அவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை கேக்குக்குள் என்னென்ன வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்களின் முனைகள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. மாவில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மறுநாளும் கேக்கை மெத்தென்று வைப்பது அதுதான். முட்டை சீக்கிரம் இறுகிவிடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டு, கேக் எழும்ப நேரம் கொடுப்பதும் அதுதான். மேல்தோல் பொன்னிறமாவதும் அதனால்தான். சீக்கிரம் கெடாமலும் காக்கிறது. இத்தனை வேலை செய்கிற 200 கிராமை எடுத்துவிட்டு ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டால் அது நாக்குக்கு மட்டும்தான் பதில் சொல்லும், மற்ற வேலைக்கெல்லாம் ஆளில்லை. இது ஒன்று புரிந்த பிறகுதான் எனக்குக் கேக் கைக்கு வந்தது.

அதனால் இடத்தை நிரப்புகிற ஒரு பொருள் வேண்டும். நான் எரித்ரிட்டால் வாங்குகிறேன். பார்க்கச் சர்க்கரை மாதிரியே வெள்ளைப் பரல். மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸை ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைத்து எடுப்பார்கள். சர்க்கரையின் இனிப்பில் 60, 70 சதவீதம் இருக்கும். உடம்பு அதை எரிக்காமல் பெரும்பகுதியை அப்படியே சிறுநீரில் தள்ளிவிடுவதால் இரத்தத்தில் சுகரை ஏற்றாது. குறைகிற இனிப்புக்கு மட்டும் ஒரு சிட்டிகை ஸ்டீவியா. இரண்டையும் சேர்த்தால் ஸ்டீவியாவின் கடைசிக் கசப்பும் அடங்குகிறது, ஏலக்காய் தட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

எரித்ரிட்டாலுக்கும் ஒரு குணம் உண்டு. கரையும்போது நாக்கின் சூட்டை இழுத்துக்கொள்ளும், புதினா மிட்டாய் தின்ற மாதிரி ஜில்லென்று இருக்கும். பரலாகப் போட்டால் ஆறிய பிறகு திரும்பவும் பரலாகிப் பல்லில் நறநறக்கும். மிக்ஸியில் மாவு போலப் பொடித்துச் சலித்துத்தான் போட வேண்டும். இது கருகிப் பாகாகவும் ஆகாது, அதனால் கேரமல் புட்டிங் ஆசையை விட்டுவிடு.

காப்பிக்குப் போடுகிற சின்ன இனிப்பு மாத்திரைகள் சிலவற்றில் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பு இருக்கும். அதைப் பொடித்துக் கேக்கில் போடாதே. நெடுநேரச் சூட்டில் அதன் இனிப்புப் போய்விடும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். சுக்ரலோஸ் அப்படியில்லை, சூட்டைத் தாங்கும், சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு. அது கிடைத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1976ல் லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சஷிகாந்த் பட்னிஸ் என்ற நம் நாட்டு மாணவரிடம், அந்தப் பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்களாம். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். ஆனால் சுக்ரலோஸிலும் அந்த இடம் நிரப்பும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சை போட்டால் சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று உன் எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து நம்பாதே. நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. இதைச் சொல்ல எனக்கும் மனசு வலிக்கிறது. என் அப்பா பாலக்கோட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பியவர். ஒரு தை மாதம் நீ எங்கள் ஊருக்கு வந்தபோது, ஆலைக்கொட்டாயில் கொப்பரை ஓரமாக நின்று சூட்டோடு பாகை நக்கி நாக்கைச் சுட்டுக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? தகடூர், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தை ஆண்ட அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்று ஔவையார் பாடியிருப்பதை அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த மண்ணில் பிறந்த நான் இப்போது தராசில் எரித்ரிட்டால் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். வெல்லத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் சுகர்காரர் தட்டில் அதை மருந்து மாதிரி வைக்கக் கூடாது.

சரி, இப்போது என் கேக்கைச் சொல்கிறேன். கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 50, பாதாம் பொடி 50. கேழ்வரகை வெறும் சட்டியில் பச்சை வாசனை போகும் வரை லேசாக வறுத்து ஆறவிடு. பால் பவுடர் இரண்டு ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை ஸ்பூன், சோடா கால் ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய். இன்னொரு பாத்திரத்தில் மூன்று முட்டையையும் பொடித்த எரித்ரிட்டால் 120 கிராமையும் நுரை பொங்க அடித்து, 100 மில்லி எண்ணெய், 150 கிராம் கெட்டித் தயிர், கத்தி நுனியளவு ஸ்டீவியா சேர். சர்க்கரை செய்கிற ஈரம் காக்கும் வேலையைத் தயிர்தான் ஓரளவு ஈடுகட்டுகிறது. மாவைக் கலந்ததும் உடனே ஓவனுக்குள் தள்ளாதே. கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். கேழ்வரகு ஊறாவிட்டால் தின்னும்போது மணல் மாதிரி இருக்கும். ஏழு அங்குல டின்னில் ஊற்றி, 170 டிகிரியில் 35, 40 நிமிடம். நிறத்தைப் பார்த்து எடுக்க நினைக்காதே, ஈர்க்குச்சியால் குத்திப் பார், ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடு.

கேழ்வரகைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரை இல்லாத கேக் வெளுத்துப் போகும் என்றேன் அல்லவா? கேழ்வரகு தானே பழுப்பு, வெளுக்க இடமில்லை. நம் பக்கத்துக் களி மாவுதான் எனக்கு அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேறு இருக்கிறது, எலும்புக்கும் நல்லது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், சுகரை ஏற்றத்தான் செய்யும். அதனால் இரண்டு விரல் தடிமனில் ஒரே ஒரு துண்டு, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். தின்று இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திச் சுகர் பார்த்து நோட்டில் எழுதி வை. உன் உடம்புக்கு அது எப்படி என்று உன் நோட்டுதான் சொல்லும். மீந்ததை ஃபிரிட்ஜில் நான்கு நாள் வைக்காதே, கல் மாதிரி இறுகிவிடும்.

கடையில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டு விற்பதை வாங்கும்போது பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படி. போன தீபாவளிக்கு அப்படி ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. அவர் நம்பி ஆறு பிஸ்கட் தின்றார். ராத்திரி வயிற்றைப் புரட்டியது, சுகர் 240. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் மைதாவும் மால்டிட்டாலும். மால்டிட்டால் எரித்ரிட்டால் மாதிரி இல்லை, சர்க்கரையில் ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுகரை ஏற்றும், அதிகமானால் வயிற்றைக் கலக்கும். பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டிருந்தாலும் கண்டுபிடிக்கலாம்: 965 மால்டிட்டால், 968 எரித்ரிட்டால், 960 ஸ்டீவியா, 955 சுக்ரலோஸ், 951 அஸ்பார்ட்டேம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்.

எரித்ரிட்டாலைப் பற்றி 2023ல் ஓர் ஆய்வு வந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். இரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாகக் கண்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் பலர் ஏற்கெனவே இதயநோய் ஆபத்து உள்ளவர்கள், நம் உடம்பும் கொஞ்சம் எரித்ரிட்டாலைத் தானே உண்டாக்குகிறது, அதனால் காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் அதைப் படித்த பிறகுதான் வாரம் மூன்று நாள் என்றிருந்ததை ஒரு நாளாகக் குறைத்தேன். உனக்கு இரத்தக் கொதிப்பும் இருப்பதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கு.

இனி எழுதப் போவதுதான் முக்கியம். போன மார்கழியில் ஒரு விடியற்காலை, அவர் என்னைத் தட்டி எழுப்பினார். அந்தப் பனியிலும் சட்டை முழுக்க வேர்த்து நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் 58. சமையலறைக்கு ஓடி, டப்பாவை எடுத்து, தண்ணீரில் மூன்று ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். கலக்கும்போது ஸ்பூனில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்தேன், ஜில்லென்றது. நான் எடுத்தது எரித்ரிட்டால் டப்பா. இனிக்கும், ஆனால் விழுந்த சுகரை ஒரு புள்ளிகூடத் தூக்காது. கீழே கொட்டிவிட்டு நிஜச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 92க்கு வந்தார். அந்தக் கால் மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எரித்ரிட்டால் பச்சை மூடி டப்பாவில், கேக் டின்களோடு மேல் பரணில் இருக்கிறது. நிஜச் சர்க்கரை கட்டிலுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி. உனக்கு மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்திருந்தால் இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைட் மாதிரி சுகரை அதிகமாக இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் கட்டாயம் இப்படிப் பிரித்து வை, உன் மருமகளுக்கும் எந்த டப்பா எது என்று காட்டி வை. என்ன மாத்திரை என்று அடுத்த கடிதத்தில் பெயரோடு எழுது.

இங்கே மாம்பழச் சீசன். கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன, சாயங்காலக் காற்றில் ஊரே பழ வாசனை. போன வாரம் கேக் மாவில் தயிரைக் குறைத்து இரண்டு கரண்டி செந்தூராக் கூழ் சேர்த்தேன். நிறமும் மணமும் அப்படி வந்தது! கூழைக் கையால் பிழிந்துதான் எடுத்தேன், டின் கூழில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும். பழத்திலும் சர்க்கரை இருப்பதால் அந்த வாரம் துண்டைப் பாதியாக வெட்டினேன். அவர் திண்ணைக்குப் போகவில்லை. பேரனோடு தரையில் உட்கார்ந்து, தட்டில் விழுந்த தூளையும் விரலால் ஒற்றித் தின்றார்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். வரும்போது உன் குளுக்கோமீட்டரையும், நடுவில் ஓட்டை வைத்த உன் அம்மாவின் பழைய அலுமினிய கேக் டின்னையும் கொண்டு வா. நடுவிலும் சூடு ஏறுவதால் இந்த மாவு அதில் இன்னும் சமமாக வேகும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி