"சற்றுக் கூடக் குறைய" மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுட்டு முடித்த தோட்டா உறைகளில் வெடிமருந்தை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கினேன். துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கும் எங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதே அபூர்வம். மூன்றாம் பத்தியில் இந்த வரி இருந்தது: "மருந்து சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை; சமையலில் உப்புப் போடுவதுபோல் கை பழகிவிடும்." அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒருவர்கூட இந்த வரியைத் தடுக்கவில்லையா?

கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியக்கூடியது, ரைஃபிள் மருந்து பொதுவாக மெதுவாக எரியக்கூடியது, ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் துப்பாக்கியே சிதறலாம் என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. 9 மி.மீ. தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அது வெடிப்பது சுடுகிறவரின் முகத்துக்கு எதிரே. மருந்தை நாங்கள் கிரெயின் கணக்கில் நிறுக்கிறோம். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதிலும் பத்தில் ஒரு பங்குவரை தராசில் பார்க்கிறோம். பல கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மருந்து உறையின் பாதியைக்கூட எட்டாது. கவனம் சிதறி இரண்டாம் முறை கொட்டினாலும் வெளியே வழியாது. குண்டைப் பொருத்திய பிறகு பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் குண்டை வைக்கும் முன் ஒவ்வோர் உறைக்குள்ளும் விளக்கொளியில் எட்டிப் பார்க்கிறோம். மேசைமேல் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும் என்பது, மருந்து மாறிவிடக் கூடாது என்பதற்காக.

"குறைய இருந்தால்" என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். சுடுதளத்தில் என் பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கி வழக்கமான ஓசை இல்லாமல் 'புஸ்' என்றது. அவர் அடுத்த தோட்டாவை ஏற்றப் போனார். தளப் பொறுப்பாளர் பாய்ந்துவந்து கையைப் பிடித்தார். பிரித்துப் பார்த்தால், மருந்தே இல்லாத தோட்டாவின் குண்டு குழலின் நடுவில் சிக்கியிருந்தது. மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் இருக்கும் பிரைமரின் சிறு வெடிப்பு அதை அவ்வளவு தூரம்தான் தள்ளியிருந்தது. இன்னொரு முறை சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். அந்த மனிதரின் கைகள் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தன. உங்கள் கட்டுரையாளர் அவரிடம் போய் உப்புக் கதை சொல்வாரா?

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குவியலாகக் காட்டியிருப்பவை .22 ரிம்ஃபயர் உறைகள். பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அவற்றைப் பொதுவாக யாரும் மறுபடி நிரப்புவதில்லை. பக்கத்திலேயே கைத்துப்பாக்கியோடு ஓர் இளைஞர்: கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, காதுக்கு மூடி இல்லை, விரல் விசையின்மேல். குறி வைக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் சுடுதளத்தில் எந்தக் குழந்தைக்கும் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று. இதே குறையைச் சுட்டி முன்பும் எழுதினேன். என் கடிதத்தின் பாராட்டு வரிகள் மட்டும் வெளியாயின.

முன்பொரு முறை எங்கள் விளையாட்டை "நின்ற இடத்திலேயே நிற்பவர்களின் பொழுதுபோக்கு" என்று எழுதினீர்கள். அன்று பொறுத்துக்கொண்டேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். இதயத் துடிப்பின் அசைவுகூட அங்கே கணக்கில் வரும். ஹங்கேரியின் காரோலி தகாச்சின் வலக்கை 1938இல் கையெறிகுண்டால் சிதைந்தது. இடக்கையால் பழகி 1948லும் 1952லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவரும் பொழுதைப் போக்கிக்கொண்டுதான் நின்றாரா? நான்காண்டுக்கு ஒருமுறை பதக்கம் வரும்போது மட்டும் முகப்புப் பக்கத்தில் எங்களுக்கு இடம் தருகிறீர்கள். மற்ற நாள்களில் இப்படிப்பட்ட கட்டுரைதான் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: அந்த வாக்கியம் தவறு, மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டைப் பார்த்து, தராசில் நிறுத்தே போட வேண்டும். அந்தக் கட்டுரையை வெட்டி வைத்திருக்கும் இளைஞர் யாராவது மேசையில் உட்காருவதற்குள் அது வந்துவிட வேண்டும். இந்த முறை என் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பாராட்டு என்று எதுவும் இல்லை. இந்தக் கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்