தொடுதிரை வேண்டாம், ஊஞ்சல் கட்டு

அன்புள்ள மாப்ள,

பூங்கா வாசலில் தொடுதிரை வைப்பதாக நீ போட்ட வரைபடம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அந்தத் தொடுதிரை வேண்டவே வேண்டாம். மத்தியான வெயிலில் எழுத்தே தெரியாது. ஒருத்தர் தொடுவார், பத்துப் பேர் பின்னால் நிற்பார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் 2011இல் 'டெய்லி டூ லே ஜூர்' என்ற வடிவமைப்பு ஸ்டுடியோ வைத்த 21 ஊஞ்சல்களைப் பார். ஒவ்வொன்றும் ஆட ஆடச் சுரம் எழுப்பும். சில மெட்டுகள் பக்கத்து ஊஞ்சல்காரரும் சேர்ந்து ஆடினால்தான் கேட்கும். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் வேகத்துக்கு மற்றவர் வந்து சேர்கிறார்கள்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கரண்ட் போனாலும் அது ஊஞ்சல்தான். திரை செத்தால் வெறும் தகரப் பெட்டி.

ஆட்டத்தை உணரும் சென்சாரை இருக்கைக்கு அடியில் வைக்கவே வைக்காதே. சங்கிலியோடு வரும் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்துவிடும். வெளியே உறை அப்படியே இருக்கும், எங்கே அறுந்தது என்று தேடியே சாகவேண்டும். ஊஞ்சலோடு சேர்ந்து திரும்பும் அச்சின் நுனியில் ஒரு காந்தம் ஒட்டு. எதிரே, அசையாத தூணில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். 15 டிகிரிக்குக் கீழே ஆடினால் சத்தம் வரக்கூடாது, இல்லாவிட்டால் காற்றுக்கே பாடிக்கொண்டிருக்கும். அசைவுக்கும் ஒலிக்கும் நடுவே 50 மில்லி செகண்டுக்குள் இருக்கட்டும். தாமதமானால் 'நான்தான் வாசிக்கிறேன்' என்று குழந்தைக்குத் தோன்றாது.

ஊஞ்சல் பக்கம் 12 வோல்ட் மட்டும் போகட்டும். அடாப்டர் காவலாளி அறையில், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியோடு (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). இதில் மிச்சம் பிடிக்காதே, குழந்தைகள் ஈரக் காலோடு வருவார்கள். சர்க்யூட் போர்டு இருக்கும் பெட்டிக்கு ஒயரை அடியிலிருந்து ஏற்று. நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உபயோகிக்காத துளையை எல்லாம் அடை, எறும்பு குடியேறிவிடும்.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. டைமர் போட்டு 9.30க்கே ஸ்பீக்கரை நிறுத்திவிடு, ஊஞ்சல் ஆடட்டும்.

கோபமாகவே சொல்கிறேன்: திறப்பு விழாவுக்குக் கிடைக்கிற பணம், அடுத்த வருஷம் பேரிங் மாற்றக் கிடைப்பதில்லை. மூன்று வருஷப் பராமரிப்பையும் இரண்டு உபரி போர்டையும் டெண்டரிலேயே எழுது. பெட்டிச் சாவி தோட்டக்காரர் கையில் இருக்கட்டும்.

ஊஞ்சல் தொங்கும் மேல்குழாயின் விட்டத்தைக் கேட்டு அனுப்பு. அது தெரிந்தால்தான் பேரிங் அளவு சொல்ல முடியும்.

உன்,
மச்சான்