கரை உடைந்தால் வனாமி எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வனாமி இறால் ஏற்றுமதியை இன்னும் ஊக்குவிக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். வருமானக் கணக்கு சரி. குட்டையிலிருந்து தப்பும் இறாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! வனாமி நம் கடல் இனம் அல்ல. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் தாயகம். 2009இல் இங்கே வளர்க்க அனுமதித்தபோது, குஞ்சு பொரிக்க இறக்குமதியாகும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்க ஏற்பாடு செய்தார்கள். உள்ளே வரும் வாசலில் அத்தனை காவல்; பண்ணையிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் விதிமுறை மட்டும்தான் நிற்கிறது. தாய்லாந்தின் பாங்பகோங் கழிமுகத்தில் வனாமி பிடிபட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு ஏன், நம்மூர்ப் புலி இறால் 1988இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓர் ஆய்வுப் பண்ணையிலிருந்து தப்பியது. இன்று மெக்சிகோ வளைகுடாவிலும் அந்த இனம் வலையில் ஏறுகிறது.

2018 கஜா புயலில் எங்கள் பகுதிப் பண்ணைக் கரைகள் உடைந்தன. அடுத்து வந்த நாள்களில் முகத்துவாரத்தில் வலை போட்டவர்களின் கூடையில், நாட்டு இறாலோடு வெளுத்த கால் வனாமியும் கிடந்தது. வியாபாரி இரண்டையும் கலந்தே எடைபோட்டு எடுத்துப் போனார். யாரும் எழுதி வைக்கவில்லை. இதை வைத்து அது இங்கே இனம் பெருக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சொல்வதற்குக் கணக்கு வேண்டுமே! எனவே மழைக்காலம் முடிந்த தை, மாசியில் மீன் இறங்குதளங்களில் வனாமி வரத்தை மீன்வளத் துறை தனியாகப் பதிவு செய்யட்டும். கரை உடைந்தால் ஒரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் பண்ணைப் பதிவின் நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

— ஒரு வாசகர், வேதாரண்யம்