நெட்டச்சிக்கு, எபிரெயர் 6 விஷயமா

ஏட்டி நெட்டச்சி,

ஸ்தோத்திரம். இங்க எல்லாரும் சுகம், அத்தைக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு, பெரியவ பிளஸ் டூ வந்துட்டா, சின்னவன் இன்னும் சின்னவனாவே இருக்கான். போன்ல சொல்லலாம்னுதான் பாத்தேன், ஆனா நீ போனை எடுத்தா பாதிப் பேச்சு உன் நாய்ட்டதான் பேசுவ. அதான் எழுதுறேன், முழுசா படிச்சிட்டுக் கூப்பிடு.

எங்க தெரு கடைசி வீட்டுப் பையனை ஞாபகம் இருக்கா, நீ வி.பி.எஸ்-க்கு (லீவுல பிள்ளைங்களுக்கு நடக்கிற பைபிள் வகுப்பு) வந்திருந்தப்போ யோனா நாடகத்துல மீன் வேஷம் போட்டுட்டு கழட்டவே மாட்டேன்னு அடம் பிடிச்சானே, அவன்தான். பெங்களூர்ல வேலை கிடைச்சுப் போனான், சபையை விட்டான், குடி பழகிட்டான், அப்புறம் கடவுளாவது ஒண்ணாவதுன்னு ஃபேஸ்புக்ல எழுதினதை யாரோ அவங்கம்மாட்ட காமிச்சு அந்தம்மா அழுத அழுகை இருக்கே. போன மாசம் அவங்கப்பா தவறிட்டாங்க. அடக்கத்துக்கு வந்தவன் திரும்பிப் போகல. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனையில கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தான், நான் பாத்துட்டு பாக்காத மாதிரி இருந்தேன், பயந்து ஓடிரக் கூடாதுல்ல. முடிஞ்சதும் அவனே சபை மூப்பர் ஒருத்தர்ட்ட போயி, ஐயா நான் திரும்ப ஆண்டவர்ட்ட வரணும், எனக்காக ஜெபிங்கன்னு கேட்டிருக்கான். அவர் எபிரெயர் 6:4-6 எடுத்து (ஒருதடவ ருசிபாத்துட்டு மறுதலிச்சுப் போனவங்களை மனந்திரும்புறதுக்கு மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்னு வருமே, அது), விரலை வச்சு, அவனையே சத்தமா வாசிக்கச் சொல்லிட்டு, "கூடாதகாரியம்னுல்ல போட்டிருக்கு தம்பி, நான் என்ன செய்ய முடியும்?"னு கேட்டிருக்கார்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ வந்துச்சு. அவன் பைபிள் பக்கம். அந்த வார்த்தைக்கு அடியில பால்பாயிண்ட் பேனாவால கோடு போட்டுப் போட்டு பேப்பரே கிழிஞ்சிருக்கு. கீழ ஒரே வரி, "அக்கா எனக்கு இனிமே மன்னிப்பு கிடையாதா, உண்மையைச் சொல்லுங்க". எனக்குக் கை நடுங்கிருச்சு நெட்டச்சி.

அந்த மூப்பரை நீ கெட்ட மனுஷனா நினைச்சிராத. அவங்கப்பா அடக்கத்தப்போ ராத்திரி முழுக்க அந்த வீட்ல உக்காந்திருந்தது அவர்தான். வசனத்துக்குப் பயப்படுற மனுஷன், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மூணு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பையன் தலையில வைக்கிறது வசனத்துக்குப் பயப்படுறதா? நம்ம காலேஜ் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் இ.யூ.-ல அந்த கண்ணாடி அண்ணன் கத்துவாரே, "மேல ரெண்டு பாரா, கீழ ரெண்டு பாரா, அப்புறம் வாயைத் திற"ன்னு, அவர் இருந்திருந்தா மைக்கைப் பிடுங்கியிருப்பார்.

அன்னைலேருந்து இதே வேலையா இருக்கேன், குழம்பு ரெண்டு தடவ அடிபிடிச்சு வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டுப் போறார் பாவம். நீயும் எடுத்துப் பாரு. அந்தப் பகுதி 6ஆம் அதிகாரத்துலயே தொடங்கல, 5:11லதான் தொடங்குது. அதிகார நம்பரெல்லாம் 13ஆம் நூற்றாண்டுல போட்டது, வசன நம்பர் 1551லதான் வந்துச்சு, எழுதினவருக்கு இந்த வெட்டெல்லாம் தெரியாது. இந்நேரம் நீங்க போதகரா இருக்கணும், இன்னும் பால்குடிக்கிற பிள்ளையா இருக்கீங்களேன்னு திட்டிக்கிட்டே வரார். யாரை? ஒரு காலத்துல சொத்தைப் பறிகொடுத்தும் சந்தோஷமாத் தாங்கிக்கிட்டவங்க, ஜெயில்ல கிடந்தவங்களுக்காகப் பரிதபிச்சவங்க (10ஆம் அதிகாரத்துல இருக்கு), இப்போ அலுத்துப் போயி, கூடிவர்றதையே சிலபேர் விட்டுட்டு, இயேசு வேண்டாம் பழையபடி ஆசாரியன் பலின்னு போயிரலாமான்னு யோசிக்கிறாங்க. அந்த வாசல்ல ஒரு கால வெளிய வச்சு நிக்கிறவங்களைப் பாத்துதான் இந்தச் சத்தம். சிலுவையைத் தெரிஞ்சே தள்ளிட்டா வேற எங்க போயி மனந்திரும்புவீங்க, வேற பலியே இல்லையேங்கிறதுதான் அவர் வாதம், 10:26லயும் அதையேதான் சொல்றார்.

அதுக்குப் பின்னால 6:9 வருது, இப்படிச் சொன்னாலும் உங்ககிட்ட இரட்சிப்புக்குரிய காரியங்கள் இருக்குன்னு நம்புறோம்னு "பிரியமானவர்களே" போட்டு ஆறுதல் சொல்றார். இந்த நிருபத்துல அப்படிக் கூப்பிடுறது அங்க ஒரே ஒரு இடத்துலதான் வருதுன்னு படிச்சிருக்கேன். வெட்டிக் குடுக்குறவங்க இந்த வசனத்துக்கு வர்றதே இல்ல.

பாபநாசம் படித்துறையில ஆழம், இறங்காதேன்னு போர்டு வச்சிருந்தா அது இறங்கப் போறவனுக்கு. தண்ணில சிக்கி, தப்பிச்சுக் கரையேறி நடுங்கிட்டு நிக்கிறவன்ட்ட போர்டைக் காமிச்சு, போட்டிருக்குல்ல, போயி சாவுன்னு சொல்லுவியா?

இன்னொண்ணு. மறுதலிச்சவன்னு சொன்னா பேதுருவுக்கு என்ன பண்றது? மூணு தடவ, சத்தியம் பண்ணி, சபிச்சு வேற. அவன் விழுறதுக்கு முன்னாலயே ஆண்டவர், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்துன்னு வேலை குடுத்து வச்சிருந்தார். கொரிந்துல சபையே தண்டிச்ச ஆளு ஒருத்தன், அவனை மன்னிச்சு ஆறுதல் பண்ணுங்க, இல்லாட்டி அதிக துக்கத்துல அமிழ்ந்து போயிருவான்னு பவுல் எழுதுறார், 2 கொரிந்தியர் 2ல. அமிழ்ந்து போறதுக்கு என் கண்ணு முன்னாலயே ஒரு பிள்ளை இருக்கான்.

இந்தச் சண்டை நேத்து இன்னைக்கு வந்ததும் இல்லட்டி. 250ல டீசியஸ்னு ரோம ராஜா, எல்லாரும் தேவர்களுக்குப் பலி போட்டு சர்டிஃபிகேட் வாங்கணும்னு உத்தரவு போட்டான். அந்த சர்டிஃபிகேட் சிலது எகிப்துல பாப்பிரஸ்ல இன்னும் கிடைச்சிருக்கு, நினைச்சுப் பாரு, மறுதலிச்சதுக்கு ரசீது. எக்கச்சக்கமான விசுவாசிங்க பயந்து வாங்கிட்டாங்க, அப்புறம் அழுதுக்கிட்டே சபைக்குத் திரும்பி வந்தாங்க. ரோம்ல நோவேஷியன்னு ஒருத்தர், சபை இவங்களைத் திரும்ப சேர்க்கக் கூடாதுன்னு 251ல தனி சபையே ஆரம்பிச்சிட்டார். கார்த்தேஜ்ல பிஷப்பா இருந்த சிப்ரியன், சும்மா சேர்க்கல, மனஸ்தாபத்தைக் காமிக்க வச்சு, ஆளைப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தார். நோவேஷியன் வழியில வந்தவங்களும் பிற்காலத்துல இதே எபிரெயர் 6ஐத்தான் தூக்கிட்டு வந்தாங்க. எங்க மூப்பருக்கு நோவேஷியன்னா யாருன்னே தெரியாது, ஆனா அச்சு அசலா அதே டயலாக்.

இப்போ மறுபக்கம் வரேன், இதுல எனக்கு வேற கோவம். எங்க லேடீஸ் ஃபெலோஷிப்ல இதைப் பேசினேன்னு வச்சுக்கோ, ஒரு அக்கா, "அது யூதங்களுக்கு எழுதினது, நமக்கில்ல, விடுங்க"ங்கிறாங்க. இன்னொருத்தங்க, "ஒருதடவ இரட்சிக்கப்பட்டாச்சு, அதோட முடிஞ்சுது, இதெல்லாம் எதுக்குப் படிக்கணும்?"ங்கிறாங்க. அதுவும் வெட்டுதான்! பயமுறுத்துற வசனத்துக்குப் பல்லைப் பிடுங்கிட்டு, வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை மட்டும் எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறது (ஏட்டி உன் எரேமியா 29:11 அட்டை இன்னும் பீரோல ஒட்டியிருக்கா?). இந்த எச்சரிப்பு நிஜம். எனக்கே அதைப் படிச்சா வயித்தைக் கலக்குது, கலக்கணும், அதுக்குத்தான் எழுதியிருக்கு. மழையைக் குடிச்சிட்டு முள்ளை முளைப்பிக்கிற நிலம்னு 6:8ல சொல்றது ஏதோ கற்பனை ஆளுங்க இல்ல.

அந்த விழுந்தவங்க நிஜமா இரட்சிக்கப்பட்டவங்களா, இல்ல ருசி பாத்துட்டுப் போனவங்களாங்கிறதுல உன் வீட்டுக்காரர் கால்வின் கட்சி (நிஜமா இரட்சிக்கப்பட்டவன் அதை இழக்க மாட்டான்ங்கிற பக்கம்), எபிரெயருக்கு விளக்கவுரை எழுதின ஜான் ஓவனை எடுத்துப் போட்டுட்டு ரெண்டு மணி நேரம் பேசுவார், தெரியும். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனா இரட்சிப்பை இழக்கலாம்னு நம்பின, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச வெஸ்லியே, இந்த வசனத்தைப் பாத்து நம்பிக்கை போயிக் கிடந்த பின்மாற்றக்காரங்களுக்காக (விசுவாசத்துலேருந்து விலகிப் போனவங்க) தனிப் பிரசங்கம் எழுதினார், திரும்பி வந்தவங்களை நானே பாத்திருக்கேன்னு சொல்றார். ரெண்டு கட்சியும் இந்தப் பையன் விஷயத்துல ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. திரும்பி வரணும்னு அழறவனை ஆண்டவர் தள்ளினதா எந்தப் பக்கமும் சொல்லல. மனந்திரும்புறதுக்கு இடமே இல்லாதவனுக்கு மனந்திரும்பணும்னு ஏன் தூக்கம் கெடுது?

அன்னைக்கு ராத்திரியே அவனுக்கு 6:9ஐயும், பேதுருவுக்கு ஆண்டவர் சொன்ன லூக்கா 22:32ஐயும் மட்டும் அனுப்பிட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வான்னு சொல்லிட்டேன். வரேன்னுருக்கான். மூப்பரையும் கூப்பிட்டிருக்கேன், சண்டை போட இல்லட்டி, ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காந்து 5:11லேருந்து 6:12 வரைக்கும் சத்தமா வாசிக்கட்டும். அவருக்கும் அந்தப் பையன் மேல பாசம்தான், நான் கூப்பிட்டப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, என்ன குழம்புன்னு கேட்டார்.

ஒரு இடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. மூப்பர் விடமாட்டார், நேரா எபிரெயர் 12:17க்குப் போவார், ஏசா கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணலையேன்னு. நான் ஆதியாகமம் 27ஐ எடுத்துப் பாத்தேன், அங்க ஏசா அழுறது ஆசீர்வாதத்துக்குத்தான், என்னையும் ஆசீர்வதியுமப்பான்னு கத்துறான், தன் சேஷ்டபுத்திரபாகத்தை (மூத்த மகன் உரிமை) ஒரு கூழுக்கு வித்ததுக்கு ஒரு சொட்டு அழுததா இல்ல. இது தாங்குமா, இல்ல எனக்குச் சாதகமா நானே வளைக்கிறேனா? உன் வீட்டுக்காரர்ட்ட கேட்டு சனிக்கிழமைக்குள்ள சொல்லு. சுருக்கமா கேளு, ஓவன் வேண்டாம். அவன் கோழிக் குழம்புதான் பிடிக்கும்னான், மூப்பருக்கு கொலஸ்ட்ரால், என்ன செய்யன்னு அதையும் சொல்லு.

உன்
பொடிசு