பாராமவுண்டுக்கு ஒரு திறந்த மடல்: டீப் ஸ்பேஸ் நைன் ஃபிலிமை வெளிய எடுங்க

பாராமவுண்ட் நிறுவனத்துல ஸ்டார் ட்ரெக் பழைய தொடர்கள் யார் பொறுப்புல இருக்கோ அவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன் 1993 ஜனவரியில ஆரம்பிச்சு 1999 ஜூன்ல முடிஞ்ச அமெரிக்க விண்வெளி டிவி தொடர், மொத்தம் ஏழு சீசன், 2003ல ஏழும் டிவிடி பெட்டியா வந்துச்சு. அதோட சரி. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு எபிசோட் கூட முழுசா ஹெச்டியில வெளிய வரல, ஸ்ட்ரீமிங்ல ஓடுறதும் அதே பழைய வீடியோ தரம்தான். நான் இப்ப கொஞ்ச நாளா அந்த டிவிடி பெட்டியைத் திறந்து மொத எபிசோட்ல இருந்து மறுபடி பாத்துட்டு வரேன், ராத்திரி சாப்பாடு முடிஞ்சா ஒரு எபிசோட், லீவு நாள்னா ரெண்டு மூணு, பாக்கப் பாக்க தொடர் மேல மரியாதை ஏறிட்டே போகுது, கூடவே இதை இப்படியே விட்டு வெச்சிருக்காங்களேன்னு மனசு அடிச்சுக்குது. அதான் எழுதுறேன். தமிழ்ல எழுதுறேன், ஏன்னா இதைப் பத்தி நான் யோசிக்கிறதும் ஃப்ரெண்ட்ஸோட விடிய விடிய பேசுறதும் தமிழ்லதான்.

மடலைப் படிக்கிற மத்தவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். மத்த பழைய ஸ்டார் ட்ரெக் தொடர்கள்ல ஒரு கப்பல் இருக்கும், வாரா வாரம் ஒரு புது கிரகம், பிரச்சினையைத் தீத்துட்டு கிளம்பிடுவாங்க. இது ஒரு விண்வெளி நிலையத்துல நடக்கிற கதை. கார்டாஸியர்கள்னு ஒரு இனம் பஜோர்ங்கிற கிரகத்தைப் பல பத்து வருஷம் ஆக்கிரமிச்சு, அந்த மக்களை அடிமை வேலை வாங்கி தாது பிரிச்செடுத்த இடம்தான் அந்த நிலையம். அவங்க விட்டுட்டுப் போனதுக்கப்புறம் அங்க பொறுப்புக்கு வரார் பெஞ்சமின் சிஸ்கோ, மனைவியைச் சண்டையில பறிகொடுத்தவர், கூட ஒரு பையன். அவருக்கு அடுத்த இடத்துல இருக்கிற கீரா, அதே ஆக்கிரமிப்பை எதுத்து ஆயுதம் தூக்கினவங்க. யாரும் எங்கயும் கிளம்பிட முடியாது, இந்த வாரம் செஞ்சதோட விளைவு அடுத்த வாரமும் வாசல்லயே நிக்கும். 1993ல டிவியில இப்படி ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதினது சின்ன விஷயமே இல்ல.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். இந்தத் தொடரோட பலம் விண்வெளிச் சண்டை இல்ல (அதுவும் பிரமாதமா இருக்கும், அது வேற). இதோட பலம் முகம். இருட்டு ரூம்ல ரெண்டு பேர் எதிரெதிர உக்காந்து பேசுறது. பழைய வீடியோ மொதல்ல கெடுக்கிறதும் சரியா அதைத்தான்.

ட்யூயட்னு ஒரு எபிசோட், மொத சீசன் கடைசிக்கு முந்தினது. பட்ஜெட் கம்மியானதால புது செட் எதுவும் போடாம, பெரும்பாலும் ஒரே சிறை அறையில எடுத்தது. உள்ள ஒரு கார்டாஸியர், ஹாரிஸ் யூலின் நடிச்சது. வெளிய நானா விஸிட்டர் நடிச்ச கீரா. இவன்தான் வதை முகாமை நடத்தின தளபதின்னு கீரா நம்புறாங்க, அவனும் ஆமாடி நான்தான்னு கொக்கரிக்கிறான், செஞ்சதை எல்லாம் பெருமையா அடுக்குறான். அப்புறம்தான் தெரியுது அவன் அங்க வெறும் ஃபைல் எழுதின குமாஸ்தா, ராத்திரி மக்கள் அலறுற சத்தம் கேக்கக்கூடாதுன்னு காதைப் பொத்திக்கிட்டு அழுதவன், தன்னோட இனம் செஞ்ச குத்தத்தை ஒத்துக்கணும்ங்கிறதுக்காக தளபதி வேஷம் போட்டு தூக்குல தொங்க வந்தவன். கொக்கரிப்பு உடைஞ்சு அழுகை வர்ற அந்த இடத்துல யூலின் முகத்தைப் பாருங்க. பாதி முகம் நிழல்ல, மேக்கப்ல நெத்தியிலயும் கழுத்துலயும் முண்டு முண்டா எலும்பு, அதுக்கு நடுவுல மனுஷக் கண்ணு ரெண்டு. டிவிடியில, இப்ப இருக்கிற பெரிய டிவியில போட்டா, நிழல் பக்கம் முழுக்க கட்டம் கட்டமா நெளியுது, மேக்கப்பும் தோலும் ஒரே சேறா கலங்கிப் போகுது, கண்ணுல தண்ணி நிக்குதா இல்லையான்னு பக்கத்துல போய் பாக்க வேண்டியிருக்கு. நடிப்பு அங்க இருக்கு, நமக்கு வந்து சேரல.

சரி, அப்பவே அப்படித்தான் எடுத்தாங்களா? இல்லையே! அதுதான் வயித்தெரிச்சல். தொடர் முழுக்க 35 எம்எம் ஃபிலிம்ல எடுத்தது, சினிமா எடுக்கிற அதே ஃபிலிம். அப்ப அமெரிக்காவுல இருந்த வழக்கம் என்னன்னா ஃபிலிம்ல ஷூட் பண்ணி, உடனே வீடியோ டேப்புக்கு மாத்தி, எடிட்டிங், எஃபெக்ட்ஸ், டைட்டில் எல்லாத்தையும் டேப்லயே முடிச்சிடுவாங்க, செலவும் கம்மி, நேரமும் மிச்சம், எப்படியும் அன்னிக்கு வீட்டு டிவியில தெரியப் போறது 480 வரிதானே. அதனால முடிஞ்ச எபிசோட் ஃபிலிமா எங்கயும் கிடையாது, டேப்தான் இருக்கு. அந்த டேப்போட தரத்துக்குள்ளயேதான் டிவிடியும் மாட்டிக்கிச்சு. 720க்கு 480 பிக்சல். அதே 4:3 வடிவப் படத்தை ஹெச்டியில எடுத்தா 1440க்கு 1080, அதாவது நாலரை மடங்கு விவரம். அந்த விவரம் புதுசா உண்டாக்க வேண்டியது இல்ல, கேமராவுல ஓடின நெகட்டிவ்லயே இருக்கு.

இதை எப்படி செய்யிறதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, செஞ்சு காட்டினதே உங்க ஆளுங்கதான். இதுக்கு முந்தின ஸ்டார் ட்ரெக் தொடரான தி நெக்ஸ்ட் ஜெனரேஷனும் இதே மாதிரி ஃபிலிம்ல எடுத்து டேப்ல எடிட் பண்ணினது. அதோட நெகட்டிவ் சுருள்களை எல்லாம் வெளிய எடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் தேடிப் புடிச்சு ஸ்கேன் பண்ணி, பழைய எடிட்டுக்கு அச்சு அசலா மறுபடி கோத்து, எஃபெக்ட்ஸை மறுபடி சேத்து, 2012ல மொத சீசன், 2014 முடியறப்ப ஏழாவது சீசன்னு ஹெச்டி டிஸ்க்கா, ப்ளூரேயில கொண்டு வந்தீங்க. பாத்தப்ப புதுத் தொடர் மாதிரி இருந்துச்சு. ஒரு எபிசோட்ல சில நொடிகளுக்கு மட்டும் ஃபிலிம் கிடைக்கல, அந்த இடத்துல பழைய டேப்பையே பெருசு பண்ணிப் போட்டீங்க, யாரும் சண்டைக்கு வரல. அந்த மாதிரி உழைப்புக்கு இன்னிக்கும் நன்றி.

அப்புறம் டிஸ்க் விற்பனை எதிர்பார்த்த அளவு போகலன்னு பேச்சு வந்துச்சு, ஸ்ட்ரீமிங் வந்துச்சு, டீப் ஸ்பேஸ் நைன் அப்படியே நின்னு போச்சு. அதுல கூடுதலா ஒரு சிக்கலும் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆரம்ப சீசன்கள்ல கப்பல் எல்லாம் பெரும்பாலும் மாடல் வெச்சு ஃபிலிம்ல எடுத்தது, அதை மறுபடி ஸ்கேன் பண்ணிக்கலாம். போகப் போக கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வந்துடுச்சு, ஆறாவது ஏழாவது சீசன் போர் எல்லாம் நூத்துக்கணக்கான கப்பல், அது அத்தனையும் அன்னிக்கு டிவி தரத்துல ரெண்டர் பண்ணினது, அதாவது கம்ப்யூட்டர்ல உருவாக்கி எடுத்தது. அதை ஹெச்டிக்கு கொண்டு வரணும்னா திரும்ப உண்டாக்கணும். செலவு அதிகம், ஒத்துக்கிறேன்.

ஆனா அதுக்கும் வழி இருக்குன்னு 2019லயே பாத்தோம். தொடரை நடத்தின ஐரா ஸ்டீவன் பெஹ்ர் மத்தவங்களோட சேந்து பண்ணின வாட் வீ லெஃப்ட் பிஹைண்ட் ஆவணப்படத்துக்கு ரசிகர்கள் கைக்காசைப் போட்டாங்க, அந்தக் காசுல ஒரு பகுதி எதுக்குப் போச்சுன்னா தொடரோட காட்சிகளை ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து ஹெச்டியில கொண்டு வர. சாக்ரிஃபைஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ் எபிசோட்ல வர்ற பெரிய கப்பல் சண்டையைக் கூட புதுசா ரெண்டர் பண்ணிக் காட்டினாங்க. எவ்ளோ நாள் பாத்த செட், ப்ராமனேட் கடைத்தெரு, அங்க க்வார்க்ங்கிறவர் நடத்துற பார், அதுல இருக்கிற கலர் விளக்கு, துணியோட நெசவு, மைக்கேல் வெஸ்ட்மோர் டீம் போட்ட மேக்கப்ல இருக்கிற சின்னச் சின்ன கோடு, எல்லாம் அப்பதான் மொத தடவை பாத்தோம். சில நிமிஷம்தான். அதைப் பாத்துட்டு டிவிடிக்குத் திரும்பறது கஷ்டமா இருக்குங்க.

என்னோட கோரிக்கை இதுதான், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு செஞ்ச மாதிரி எல்லாத்தையும் முழுசா செஞ்சாதான் வெளிய விடுவோம்னு காத்திருக்காதீங்க. பாபிலோன் 5ஐ எடுத்துக்குங்க, அதே காலம், அதே மாதிரி ஸ்டேஷன் கதை, அதே கிராஃபிக்ஸ் தலைவலி. வார்னர் என்ன பண்ணினாங்க? நடிகர்கள் வர்ற ஃபிலிம் பகுதியை ஸ்கேன் பண்ணினாங்க, கிராஃபிக்ஸ் ஷாட்டை மட்டும் பழைய வீடியோவுல இருந்து பெருசு பண்ணி ஒட்டினாங்க, 2023 டிசம்பர்ல ப்ளூரே பெட்டியாவே வந்துடுச்சு. கப்பல் வர்றப்ப படம் கொஞ்சம் மங்கும், ஆளுங்க வந்ததும் பளிச்னு ஆகிடும், ரெண்டு எபிசோட்ல கண்ணு பழகிடும். டீப் ஸ்பேஸ் நைன்ல ஒரு எபிசோட்ல பெரும்பகுதி மனுஷங்க பேசுறதுதான். அதை மட்டும் ஃபிலிம்ல இருந்து குடுங்க, கிராஃபிக்ஸை பழசையே வெச்சு ஒட்டுங்க, பின்னாடி காசு வந்தா மாத்திக்கலாம். நெகட்டிவ் ஸ்கேன் மட்டும் தள்ளிப் போடக்கூடாத வேலை. ஃபிலிம் குளிர்ல வெச்சிருந்தாலும் வயசாகும், கலர் மெல்ல மங்கும், அசிட்டேட் ஃபிலிம்னா வினிகர் வாடை அடிச்சு சுருங்க ஆரம்பிச்சா அப்புறம் திருப்பறது முடியாது.

ஃபிலிமை விட வேகமா ஆளுங்க போயிட்டு இருக்காங்க. ஓடோவா வந்த ரெனே ஓபர்ஜொன்வாவும் நாக்கா வந்த ஆரோன் ஐசன்பெர்க்கும் 2019ல போயிட்டாங்க. பஜோர் மதத் தலைவி கய் வின்னா மிரட்டின லூயிஸ் ஃப்ளெட்சர் 2022ல. தி விஸிட்டர் எபிசோட்ல சிஸ்கோவோட பையன் ஜேக் வயசானவரா வர்ற வேஷத்துல வந்து நம்மள அழ வெச்ச டோனி டாட் 2024ல. நான் மேல சொன்ன ஹாரிஸ் யூலின் 2025ல. இவங்க தங்களோட வேலையை நல்ல பிரிண்ட்ல முழுசா பாக்காமயே போயிட்டாங்க. எழுதினவங்க, எடிட் பண்ணினவங்க, கேமராமேன், கிராஃபிக்ஸ் போட்டவங்க நிறைய பேர் இன்னும் இருக்காங்க, இந்த ஷாட் இவ்ளோ இருட்டா இருக்கணுமா, இந்த சுவர் என்ன கலர்னு கேட்டா சொல்றதுக்கு ஆள் இருக்கிறப்பவே செய்யணும் இல்லையா.

ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ் எபிசோடை சிஸ்கோவா வர்ற ஏவரி ப்ரூக்ஸே நடிச்சு டைரக்ட் பண்ணினார், 1998ல வந்தது. 1950கள்ல நியூயார்க்ல ஒரு கறுப்பின எழுத்தாளர், விண்வெளி நிலையத்துக்கு ஒரு கறுப்பர் தலைவரா இருக்கிற மாதிரி கதை எழுதுறார், பத்திரிகை போட மாட்டேங்குது. தொடர் முழுக்க மேக்கப்புக்குள்ள ஒளிஞ்சிருந்த நடிகர்கள் பலரும் அதுல சொந்த முகத்தோட வராங்க. கடைசியில ப்ரூக்ஸ் ஆபீஸ் நடுவுல நொறுங்கிப் போற காட்சியில கேமரா அவர் முகத்தை விட்டு நகராது. என்னைக் கேட்டா மொதல்ல ஸ்கேன் பண்ண வேண்டிய எபிசோட் இது, ட்யூயட் அடுத்தது, அப்புறம் இன் த பேல் மூன்லைட். பார் அசோசியேஷன் எபிசோட்ல க்வார்க்கோட தம்பி ரோம் அந்த பார்ல சங்கம் ஆரம்பிச்சு ஸ்ட்ரைக் பண்ணுறதையும் மறந்துடாதீங்க, எங்க ஊர்ல அதுக்குத் தனி ரசிகர்கள் உண்டு.

செய்யிறப்ப சில விஷயம். படத்தை அகல டிவிக்காக மேலயும் கீழயும் வெட்டாதீங்க, எடுத்த 4:3 வடிவத்துலயே இருக்கட்டும். ஃபிலிமோட மணல் மாதிரி துகள் இருக்குமே அதைத் துடைச்சு முகத்தை மெழுகு பொம்மை ஆக்க வேண்டாம். டேப்பை எடுத்து ஏஐ சாஃப்ட்வேர்ல போட்டு ஹெச்டின்னு குடுக்கவும் வேண்டாம், அந்த வேலையை ரசிகர்கள் வீட்டு கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாத்தாச்சு, அவங்க ஆசையால ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது, நல்லாவே செஞ்சிருக்காங்க, ஆனா டேப்ல இல்லாத கண்ணீரை எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது. டிஸ்க்கா வெளியிடுங்க, ரீஜன் பூட்டு இல்லாம எந்த நாட்டு ப்ளேயர்லயும் ஓடுற மாதிரி, ஸ்ட்ரீமிங்ல இன்னிக்கு இருக்கிறது நாளைக்கு காணாம போகுது.

2026ல ஸ்டார் ட்ரெக்குக்கு 60 வருஷம். பெரிய அறிவிப்பு எதுவும் வேண்டாம் இப்போதைக்கு. நெகட்டிவ் எல்லாம் முழுசா இருக்கா, எந்த நிலைமையில இருக்கு, எந்தெந்த எபிசோடுக்கு என்ன காணோம்னு ஒரு கணக்கு எடுத்து வெளிய சொல்லுங்க. கிராஃபிக்ஸ் ஃபைல் வெச்சிருக்கிற பழைய ஆளுங்க கிட்ட பேசுங்க. ஒரே ஒரு சீசனை, நாலாவதோ ஆறாவதோ, முன்பதிவுக்கு விட்டுப் பாருங்க, நான் அன்னிக்கே காசு கட்டுறேன், என் ஃப்ரெண்ட்ஸும் கட்டுவாங்க.

இப்படிக்கு,
டிவிடி பெட்டியோட நாலாவது சீசன்ல இருக்கிற ஒரு தமிழ் ரசிகன்