பேட்டரி கன்னும் முறிந்த ஸ்டட்டும்: தக்கலை டயர் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம்ம கடைக்கு வருகிறவர்களுக்கு ஏர் கன் (காற்றழுத்தத்தில் சக்கர நட்டைக் கழற்றி மாட்டும் கருவி) சத்தம் காதுக்குப் பழகியது. மூன்று மாதமாக அது கேட்பதில்லை. கார் சக்கரங்களுக்கு இப்போது பேட்டரி கன்தான். டாக்சி ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. நாலைந்து பேர் என்னிடமே போட்டுக் காட்டினார்கள். பேட்டரி கன்னைப் போட்டு ஒரு வண்டியின் ஸ்டட்டை, அதாவது சக்கர நட் மாட்டுகிற திருகுக் கம்பியை, முறித்துவிட்டோமாம். அதனால்தான் இந்த மடல்.

ஸ்டட் முறிந்தது உண்மை. ஆனால் கழற்றும்போது முறிந்தது, இறுக்கும்போது அல்ல. அது குளச்சல் கடற்கரையில் நிற்கிற வண்டி. உப்புக்காற்று பட்டுப் பட்டு நட்டும் ஸ்டட்டும் ஒன்றாகப் பிடித்துப்போயிருந்தன. முறிந்த துண்டை நான் தூக்கிப் போடவில்லை, மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். முறிந்த இடத்தில் முக்கால் பாகம் துருவேறிக் கறுத்துக் கிடக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி இரும்பு பளபளக்கிறது. அன்றைக்கு முறிந்தது அந்தப் பிறை மட்டும்தான். மீதி எப்போதோ விரிசல் விட்டு, தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தது. ஓட்டத்தில் முறியாமல் இங்கே வைத்து முறிந்ததே என்று வண்டிக்கார அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. புது ஸ்டட் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்காததையே தப்பை ஒத்துக்கொண்டதாக மெசேஜில் சொல்லியிருக்கிறார். அதுதான் மனசைக் குத்துகிறது.

ஏர் கன் போட்டிருந்தாலும் அது முறிந்திருக்கும். இரண்டு கன்னுக்குள்ளும் ஒரு சுத்தியல் சுற்றி வந்து அடிக்கிறது. அதைச் சுழற்றுவது ஒன்றில் காற்று, மற்றதில் மோட்டார். விரலை எடுக்காவிட்டால் இரண்டுமே அளவுக்கு மீறி இறுக்கிவிடும். அதனால் கன்னை வைத்து நட்டை உட்கார வைப்பதோடு சரி. கடைசி இறுக்கம் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின், டார்க் ரெஞ்சை (குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்துக் கையால்தான். சின்னக் கார்களுக்கு இந்த இறுக்கம் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவை வைத்து, 'டிக்' என்று கேட்டதும் நிறுத்துகிறோம்.

ஏர் கன்னாலேயே இறுக்கி அனுப்பிய காலமும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு ஆரல்வாய்மொழி பக்கம் பஞ்சர். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரில் ஏறி மிதித்தும் நட் அசையாமல், குடும்பத்தோடு வெயிலில் நின்றார். நாங்கள் இறுக்கிய நட் அது. அவரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். டார்க் ரெஞ்ச் வாங்கியது அதற்கப்புறம்தான்.

ஏன் மாறினோம் என்றால், முதலில் கரண்ட் பில். ஏர் கன்னுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கிற கம்ப்ரசர் இழுக்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. காற்றுக் குழாயில் சின்னக் கசிவு இருந்தால் போதும், யாரும் கன்னைத் தொடாமலே மோட்டார் ஓடும். நம்ம மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். அப்போதெல்லாம் கம்ப்ரசர் டாங்கின் அடியில் தினமும் தண்ணீர் கட்டும். வடிக்க மறந்தால் அது கன்னுக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கம்ப்ரசர் சும்மா கிடக்க, நட் ஒவ்வொன்றையும் கையால் கழற்றினோம். வயர் வைத்த எலக்ட்ரிக் கன்னையும் பார்த்தோம். ஈரத் தரையில் 230 வோல்ட் வயரை இழுத்துக்கொண்டு பையன்களை வேலை செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏர் கன்னை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஓட்டினாலும் தளராது. தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். பேட்டரி அப்படி இல்லை, நாளாக நாளாகத் தளரும், புதிது வாங்கக் காசு வேண்டும். கம்ப்ரசரை விற்றுவிட்டோம் என்று சொல்வதும் சரியல்ல. காற்றடிக்கவும் டயர் கழற்றும் மெஷினுக்கும் அதுதான் வேண்டும்.

11 வருடம் கடையில் நின்ற தம்பி சவூதிக்குப் போய்விட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். லாரிச் சக்கரம் அவர் பார்த்த வேலை என்பதால் இப்போதைக்கு லாரி எடுப்பதில்லை. கார் சக்கரம் ஒன்றுக்குக் கூலி 20 ரூபாய் கூடியிருக்கிறது.

அந்த மெசேஜைக் கேட்டபிறகும் களியக்காவிளையிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் வண்டியை நம்மிடமே கொண்டுவந்தீர்கள். "நீங்க செய்யுங்க, எங்களுக்குத் தெரியாதா" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு தெம்பு என்று சொல்லித் தீராது. மிக்க நன்றி.

சக்கரம் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை வாருங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துத் தருகிறோம், காசு வேண்டாம். அந்த ஸ்டட்டையும் கேளுங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
கடை உரிமையாளர், தக்கலை